நின்றால் சூடேறும் வண்டி: துணை ஃபேன் வயரிங்கை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

வண்டியும் அதன் ஓட்டமும்

கும்பகோணத்தில் வாடகைக்கு ஓடும் எட்டு இருக்கை டீசல் வண்டி இது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் பழைய அமைப்பு. ரேடியேட்டருக்குப் பின்னால் பெல்ட்டில் சுற்றும் பெரிய ஃபேன் இருக்கிறது, அதன் நடுவில் விஸ்கஸ் கப்ளிங், அதாவது சூட்டுக்கேற்ப ஃபேனின் பிடியை இறுக்கித் தளர்த்தும் எண்ணெய் இணைப்பு. முன் கிரில்லுக்கும், ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் இடையில் மின்சாரத்தில் ஓடும் துணை ஃபேன் ஒன்று. காற்று துணை ஃபேன் வழியே கன்டென்சருக்குள் நுழைந்து, ரேடியேட்டரைக் கடந்து, பெல்ட் ஃபேனால் எஞ்சின் பக்கம் இழுக்கப்படுகிறது. இந்த வரிசை முக்கியம். கன்டென்சர் வெளியேற்றும் சூடு முழுவதும் அடுத்து ரேடியேட்டர் மேல்தான் விழுகிறது.

பெரும்பாலும் நவக்கிரகச் சுற்றுதான் இந்த வண்டிக்கு வேலை. திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று போய் திருநள்ளாற்றில் முடியும். இடையிடையே நாகூர், வேளாங்கண்ணி சவாரியும் உண்டு. தூரம் பெரிதில்லை, ஆனால் நிற்பது அதிகம். கோவில் வாசலில் நடக்க முடியாத பெரியவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை திருநள்ளாற்றிலும், முகூர்த்த நாளில் மகாமகக் குளத்தைச் சுற்றியும் முதல் கியரில்தான் ஊர வேண்டியிருக்கும்.

எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது பெல்ட் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும், எதிர்க்காற்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் கன்டென்சர் நம்பியிருப்பது துணை ஃபேனை. டெல்டாவின் ஈரக்காற்று இன்னொரு சுமை. காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றி வடிப்பதற்கே ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு போகிறது. அந்தச் சூடும் கன்டென்சர் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

வந்த புகார்

பங்குனி முடிவில் பட்டறைக்குப் புகார் வந்தது. டவுனுக்குள் ஏசி போட்டு ஊர்ந்தால் ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டி முக்கால் வரை ஏறுகிறது. ஏசியில் குளிர் குறைந்து வெறும் காற்று வருகிறது. புறவழிச் சாலைக்கு வந்து ஐம்பது, அறுபதில் ஓட்டினால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

ஓட்டுநர் சொன்ன இன்னொரு விவரம்தான் வழிகாட்டியது: “ஏசிய நிறுத்துனா ஒடனே எறங்கல தம்பி. இன்னும் ஒரு கோடு ஏறிட்டுத்தான் எறங்குது.” இதற்கு முன் வண்டியைப் பார்த்த பட்டறைகளில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஓர் இடத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அனுப்பியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் பெரிய ஃபேன் மோட்டார் போடச் சொல்லியிருந்தார்கள்.

நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். வேகமாக ஓடும்போதோ பாரம் ஏற்றும்போதோ ஏறினால் ரேடியேட்டர் குழாய் அடைப்பையும் வாட்டர் பம்பையும் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் அறிகுறி முதல் வகை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அடிப்படைகளைப் பார்த்து முடிக்காமல் வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்று பட்டறை முடிவு செய்தது.

முதலில் சரிசெய்தவை

கூலன்ட் துருநிறத்தில் இருந்தது. வழியில் குறையும்போதெல்லாம் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது ரேடியேட்டர் குழாய்க்குள் படிமமாக உட்காரும், அலுமினியத்தையும் அரிக்கும். முழுவதும் வடித்து, பலமுறை அலசி, தண்ணீர் கலக்கத் தேவையில்லாத தயார் கூலன்ட் ஊற்றப்பட்டது. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் தாங்க வேண்டியது. சோதனைப் பம்பில் அதில் பாதியிலேயே விட்டது. புது மூடி போடப்பட்டது.

82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் திரும்பப் பொருத்தப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு அந்த வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். விஸ்கஸ் கப்ளிங்கில் குறையில்லை. எஞ்சின் சூடாக இருக்கையில் நிறுத்தினால் ஃபேன் உடனே நின்றது, எண்ணெய்க் கசிவும் இல்லை.

ஏசி கேஜ் மாட்டிப் பார்த்ததில், வெளியே 37 டிகிரி வெயிலில், ஐட்லிங்கில் உயர் அழுத்தப் பக்கம் 345 பிஎஸ்ஐ காட்டியது. ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டிக்கு இந்த வெயிலில் 230 முதல் 260 வரை இருந்தால் சரி. கன்டென்சரை நீரடித்துச் சுத்தம் செய்தபின் 315 ஆனது. சுத்தம் செய்ததில் பலன் இருந்தது, போதவில்லை. வயரிங்கைத் தொடும் முன்பே இந்த எண்ணைக் குறித்துவைத்தது பின்னால் உதவியது. எந்த வேலையால் எவ்வளவு இறங்கியது என்று தனித்தனியே சொல்ல முடிந்தது.

வோல்ட் எங்கே போகிறது

துணை ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதனாலேயே அதுவரை யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. சுற்றுகிறதா என்பது போதாது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓட, ஏசி போட்டபடி அளந்தார்கள். பேட்டரி முனைகளில் 13.7 வோல்ட். ஃபேன் வயர் செருகும் கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளந்ததில் 10.4 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்பியர். இடையில் 3.3 வோல்ட் காணாமல் போயிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபேனின் பாசிட்டிவிலும் வைத்தால் 2.4 வோல்ட். ஃபேனின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.9 வோல்ட். எர்த் பக்கத்து இழப்பை அளக்காமல் விடுவதுதான் வழக்கம். இங்கே மொத்த இழப்பில் கால் பங்குக்கு மேல் அங்கேதான் இருந்தது.

இந்த அளவை ஃபேன் ஓடும்போதுதான் எடுக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு வெறும் முனையில் மீட்டர் வைத்தால், வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 13.6 என்று காட்டும். டெஸ்ட் லேம்பும் பிரகாசமாக எரியும். மின்னோட்டம் போகாத இடத்தில் வோல்ட் இழப்பு தெரியாது.

வோல்ட் குறைந்தால் ஃபேனின் வேகம் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும், தள்ளும் காற்றும் அப்படியே. மோட்டார் செலவிடும் சக்தி இன்னும் வேகமாக விழும். 10.4 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் 83 வாட்.

அடுத்த சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவைத்தது. பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் இரண்டை, நடுவே பியூஸ் வைத்து, நேராக ஃபேனுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபேன் முனையில் 13.2 வோல்ட், 12.5 ஆம்பியர், அதாவது 165 வாட். சத்தமே மாறியது. சில நிமிடங்களில் உயர் அழுத்தம் 315-லிருந்து 250-க்கு இறங்கியது. மோட்டார் நன்றாகவே இருக்கிறது, பெரிய மோட்டார் தேவையில்லை என்பது அங்கேயே உறுதியானது. பழைய வயரிலேயே பெரிய மோட்டாரை மாட்டியிருந்தால் ஆம்பியர் கூடி, வயரில் இழப்பும் கூடி, கப்ளர் உருகியிருக்கும்.

பழைய வயரிங்கில் இருந்த இரண்டு தவறுகள்

டேஷ்போர்டைத் திறந்து வயரைப் பின்தொடர்ந்ததில் படம் தெளிவாயிற்று. வண்டியோடு வந்த ஃபேன் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) என்றைக்கோ பழுதாகி, அதற்குப் பதில் டைரக்ட் கனெக்‌ஷன் கொடுத்திருந்தார்கள். பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச், அங்கிருந்து டேஷ்போர்டின் ஏசி ஸ்விட்ச், கேஸ் அழுத்தத்தைக் கண்காணிக்கும் பிரஷர் ஸ்விட்ச், கடைசியில் ஏசி கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச்சுக்குப் போகும் 1 சதுர மி.மீ. வயர். அந்த வயரின் தோலைச் சீவி, ஃபேன் வயரை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. டேப்பை உரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது, தொட்டதும் நான்கைந்து இழைகள் உதிர்ந்தன. ஃபேன் கப்ளரில் பாசிட்டிவ் பின்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகி, துளை நீள்வட்டமாகியிருந்தது. எர்த் வயர் ரேடியேட்டர் சட்டத்தில் பெயின்ட்டுக்கு மேலேயே திருகப்பட்டு, வயர் முனை லக்கின் அடியில் துரு ஏறியிருந்தது. கடலோரம் அடிக்கடி போய்வரும் வண்டியில் இது வேகமாக நடக்கும்.

மின்னோட்டத்துக்குப் போதாத பாதை என்பது முதல் தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது, மீட்டரில் தெரியாதது. ஃபேன் கிளட்ச் வயரோடு கட்டப்பட்டிருந்ததால் கிளட்ச் இருக்கும்வரைதான் ஃபேனும் இருக்கும். கேஸ் அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை வெட்டும். கன்டென்சருக்குக் காற்று மிகத் தேவைப்படும் அந்தக் கணத்தில் ஃபேனும் சேர்ந்து நிற்கும். ஓட்டுநர் சூட்டுக்குப் பயந்து ஏசியை அணைத்தாலும் இதேதான். கொதிக்கிற கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், அதன் வழியே காற்று போகாது. ஓட்டுநர் பார்த்த ‘இன்னும் ஒரு கோடு’ இதனால் வந்தது.

பிரஷர் ஸ்விட்ச் மூன்று நிலை கொண்டது. கேஸ் மிகக் குறைந்தால் வெட்டுவது ஒன்று, மிக அதிகமானால் வெட்டுவது ஒன்று, நடுவில் ஏறக்குறைய 220 பிஎஸ்ஐ தாண்டினால் ஃபேனை இயக்குவது ஒன்று. அந்த நடு நிலைக்கான இரண்டு வயர்களும் வெட்டி, டேப் சுற்றி, ஓரமாகக் கட்டப்பட்டிருந்தன.

எடுத்த முடிவுகள்

ஃபேனுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே வர வேண்டும், டேஷ்போர்டு ஸ்விட்ச்கள் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. எதைக் கேட்டு ஃபேன் ஓட வேண்டும் என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது.

கேஸ் அழுத்தம் ஒரு காரணம், கூலன்ட் சூடு இன்னொரு காரணம் என்று இரண்டும் தனித்தனியே ஃபேனை இயக்கும்படி அமைக்க முடிவானது. இந்த வண்டியில் கூலன்ட் சூட்டுக்கும் துணை ஃபேனுக்கும் முதலிலிருந்தே தொடர்பில்லை. இரண்டு தூண்டுதல் வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே ரிலேக்குக் கொடுப்பது சுலபம், ஆனால் ஆபத்து. ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கத்து வயரில் பின்னோக்கிப் பாயும். கிளட்ச் வயர் அதில் சேர்ந்திருந்தால் எஞ்சின் சூடாகும்போது ஏசி கம்ப்ரசர் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு வைத்துத் தடுக்கலாம். அதைவிட இரண்டு ரிலே வைப்பது நல்லது என்று முடிவு செய்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும், வழியில் எந்த எலக்ட்ரீஷியனும் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

கூலன்ட் சூட்டை உணரும் தெர்மோ ஸ்விட்சுக்கு 95 டிகிரியில் சேர்ந்து 90-ல் விடும் வகை எடுக்கப்பட்டது. 80-லேயே ஃபேன் ஓடினால் இன்னும் குளிருமே என்று வண்டிக்காரர் கேட்டார். தெர்மோஸ்டாட் திறப்பதே 82-ல். அதற்குக் கீழே வைத்தால் ஃபேன் நாள் முழுவதும் ஓடி மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும், கூலன்ட் சூட்டில் மாற்றம் வராது. ஸ்விட்ச் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் வருவதால் 95 பொருத்தமானது. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம், ஆறிய கூலன்ட் வெளியேறும் இடத்தில் வைப்பதாக இருந்தால் இன்னும் குறைந்த டிகிரி ஸ்விட்ச் வேண்டும்.

ரிலே காயிலுக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம். பேட்டரி நேரடித் தொடர்பு கொடுத்தால் வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் ஃபேன் ஓடும். ஹீட்டர் பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் பேட்டரியில் தெம்பு வேண்டிய டீசல் வண்டியில் அது சரிவராது. ஃபேனைக் கையால் போட்டு நிறுத்த ஒரு ஸ்விட்சும் ஓட்டுநர் கேட்டார். போட மறந்தால் சூடேறும் என்பதால் அப்போது மறுக்கப்பட்டது.

வேலை நடந்த விதம்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே தொடங்கினார்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பிளேடு பியூஸ். 12.5 ஆம்பியர் ஓட்டத்துக்கு ஒன்றரை மடங்கு என்ற கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கூடுதல் ஆம்பியரையும் அது தாங்கும். கடையில் கிடைக்கும் பியூஸ் ஹோல்டர்களில் பலவற்றின் வால் வயர் மெல்லியது, தொடர்ந்து 12 ஆம்பியர் போனால் ஹோல்டர் உருகும். 4 சதுர மி.மீ. வால் உள்ளதைத் தேடி வாங்க வேண்டியிருந்தது.

ரிலேயில் 30, 87 என்பவை ஃபேன் மின்சாரம் நுழைந்து வெளியேறும் முனைகள், 85, 86 அதை இயக்கும் காயிலின் முனைகள். பியூஸிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் இரண்டு ரிலேக்களின் 30-ஆம் முனைக்கும் போகிறது. இரண்டின் 87-ஆம் முனைகளும் சேர்ந்து ஃபேனின் பாசிட்டிவுக்கு. ஃபேனின் எர்த்தை பாடியில் விடாமல், அதே கனத்த வயரில் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோனார்கள். முதல் ரிலேயில் 85 எர்த்துக்கு, 86 பிரஷர் ஸ்விட்சின் நடு நிலை வயருக்கு. அந்த நடு நிலையின் மறு வயருக்குச் சாவி மின்சாரம். ஏசி ஸ்விட்சிலிருந்து எடுக்காததால், ஏசியை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கும்வரை ஃபேன் ஓடும். இரண்டாவது ரிலேயில் 86-க்குச் சாவி மின்சாரம், 85 தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. காயில் பக்கத்துக்கு 1 சதுர மி.மீ. வயரும் 5 ஆம்பியர் பியூஸும் போதும், ஒரு காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது.

நான்கு கால் ரிலேதான் வாங்கப்பட்டது. ஐந்து கால் ரிலேயில் நடுவில் உள்ள 87ஏ முனையில் தவறிப்போய் ஃபேன் வயரைச் செருகினால், ரிலே இயங்காத நேரமெல்லாம் ஃபேன் ஓடிப் பேட்டரி இறங்கிவிடும். உள்ளே டயோடு உள்ள ரிலேயாக இருந்தால் 86-ல் பாசிட்டிவும் 85-ல் எர்த்தும் மாறாமல் வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோடோ பியூஸோ போகும். ரிலேக்கள் கிரில் பக்கம் வேண்டாம் என்று பேட்டரிக்குப் பின்னால், உள்மட்கார்டில், கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்தப்பட்டன. தண்ணீர் பட்டாலும் உள்ளே தேங்காது.

தெர்மோ ஸ்விட்சுக்காக மேல் ஹோஸை வெட்டி, 22 மி.மீ. மரை உள்ள அலுமினியக் குழாய்த் துண்டு நுழைத்து இருபுறமும் கிளிப் போட்டார்கள். இங்கே பலர் தடுமாறுவார்கள். அந்தத் துண்டின் இருபுறமும் ரப்பர், அதற்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை தெர்மோ ஸ்விட்சை அதில் மாட்டினால் ஒருபோதும் ஃபேன் ஓடாது. இரண்டு முனை உள்ள ஸ்விட்ச் வாங்கி ஒரு முனைக்கு எர்த் வயர் தனியாக இழுக்கப்பட்டது.

லக்குகளை கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டார்கள். சால்டர் வைக்கவில்லை. சால்டர் ஊறிய வயர் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். உருகிய கப்ளருக்குப் பதில் புதியது. கப்ளர் மாற்றும்போது வயர் இடம் மாறினால் டிசி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், பெல்ட் ஃபேன் இழுக்கும் காற்றோடு மல்லுக்கட்டும். பார்வைக்கு ஃபேன் ஓடுவதாகவே தெரியும். அதனால் எஞ்சினை நிறுத்தி, சாவி மட்டும் போட்டு, தெர்மோ ஸ்விட்ச் வயர்களை இணைத்து ஃபேனை ஓட்டி, கிரில்லுக்கு முன் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தார்கள். தாள் கிரில்லோடு போய் ஒட்டிக்கொண்டது. திசை சரி.

சோதனையில் கிடைத்தவை

மறுநாள் நடுப்பகலில், அதே 37 டிகிரி அளவு வெயிலில், பானெட்டை மூடி, ஏசி முழு அளவில் வைத்து இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டார்கள். பானெட்டைத் திறந்துவைத்துப் பார்த்தால் சூடான காற்று மேலே போய்விடும், அந்தச் சோதனை ஏமாற்றும்.

ஃபேன் முனையில் 13.1 வோல்ட், பேட்டரியில் 13.6. இழப்பு 3.3-லிருந்து 0.5 ஆனது. உயர் அழுத்தம் 245 பிஎஸ்ஐ. ஏசி துவாரத்தில் முன்பு 17 டிகிரியில் வந்த காற்று 11-க்கு வந்தது. மேல் ஹோஸின் சூடு முன்பு 103 வரை போயிற்று. இப்போது 90-க்கும் 96-க்கும் இடையே ஏறி இறங்கியது. இந்தச் சூட்டை ரப்பர் ஹோஸ் மேல் இன்ஃப்ராரெட் கருவியால் எடுத்தார்கள். பளபளப்பான அலுமினியத்தின் மேல் எடுத்தால் அது குறைத்துக் காட்டும். ஏசியை அணைத்துப் பார்த்தபோது ஃபேன் சிறிது நேரம் ஓடிவிட்டு நின்றது, முள் ஏறவில்லை.

கூடுதலாக இழுக்கும் ஆம்பியரை ஆல்டர்னேட்டர் தாங்குமா என்பதையும் பார்த்தார்கள். ஹெட்லைட், உள் புளோயர், கம்ப்ரசர் கிளட்ச், ஃபேன் எல்லாம் ஒன்றாக ஐட்லிங்கில் ஓட பேட்டரியில் 13.0 நின்றது. 12.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி ஒவ்வொரு நெரிசலிலும் வடிந்திருக்கும், அப்போது வேறு வழி தேட வேண்டியிருந்திருக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட் சற்றுத் தளர்ந்திருந்ததை மட்டும் இறுக்கினார்கள்.

ஐப்பசி மழையில் நடந்தது

வெயில் காலம் முழுவதும் புகார் இல்லை. வடகிழக்குப் பருவமழையில், திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் வழியில், சாலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தேங்கிய தண்ணீரில் வண்டி போயிருக்கிறது. தண்ணீரில் இறங்கும் முன் ஏசியை அணைப்பது அனுபவமுள்ள ஓட்டுநர்களின் வழக்கம், துணை ஃபேன் நின்றுவிடும் என்பதற்காக. இவரும் அணைத்திருக்கிறார். ஆனால் இப்போது ஃபேனுக்கு ஏசியின் அனுமதி தேவையில்லை. முதல் கியரில் இரைந்துகொண்டு போனதில் கூலன்ட் 95-ஐத் தொட, தெர்மோ ஸ்விட்ச் ஃபேனை இயக்கிவிட்டது. இறக்கைகள் தண்ணீரில் அடித்து, மோட்டார் திணறி, 20 ஆம்பியர் பியூஸ் போயிற்று.

பியூஸ் தன் வேலையைச் செய்தது, மோட்டார் பிழைத்தது. ஓர் இறக்கையின் நுனி மட்டும் உடைந்திருந்தது. சிக்கல், பியூஸ் போனது யாருக்கும் தெரியவில்லை என்பதே. மழை நாட்களில் குறை வெளியே வரவில்லை. வெயில் அடித்த ஒரு முகூர்த்த நாளில் ஏசி குளிரவில்லை என்று வண்டி திரும்ப வந்தபோதுதான் தெரிந்தது.

முன்பு மறுத்த ஸ்விட்ச் இப்போது வேறு வடிவில் வந்தது. இருவழி ஸ்விட்ச் ஒன்று. ஒரு பக்கம் வைத்தால் இரண்டு ரிலேக்களின் காயிலுக்கும் மின்சாரம் போகும், மறுபக்கம் வைத்தால் ரிலேக்கள் நின்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். தண்ணீரைக் கடந்ததும் திரும்பப் போட மறக்க முடியாது. அதன் பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று, 87-ஆம் முனையிலிருந்து, தனியாக 2 ஆம்பியர் பியூஸோடு. அந்த மெல்லிய விளக்கு வயரை 20 ஆம்பியர் பியூஸ் காப்பாற்றாது, தேய்ந்து பாடியைத் தொட்டால் எரியும். டவுனில் ஏசி ஓடிச் சில நிமிடம் ஆகியும் பச்சை எரியவில்லையென்றால் பியூஸைப் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லப்பட்டது. பழுதான இறக்கை மாற்றப்பட்டது. நுனி உடைந்த இறக்கையோடு ஓட்டினால் அதிர்வில் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் போகும்.

தை அறுவடையில் நடந்தது

சம்பா அறுவடை நேரத்தில் முள் மறுபடி முக்காலை நோக்கி ஏறியது. பச்சை எரிந்தது. ஃபேன் முனையில் 13 வோல்ட்டுக்குக் குறையவில்லை. உயர் அழுத்தம் மட்டும் 320. மின்சாரம் சரி, காற்றுக்கு வழியில்லை என்று அந்த மூன்று விவரங்களுமே சொல்லிவிட்டன.

அறுவடை எந்திரத்தின் தூசி, சாலையில் காயப்போட்ட நெல்லின் பதர், வைக்கோல் லாரியிலிருந்து பறக்கும் துணுக்கு எல்லாம் கிரில் வழியாக உள்ளே போகின்றன. கன்டென்சரை முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே இருந்தது. மேல் போல்ட்டுகளைக் கழற்றிக் கன்டென்சரை முன்னால் சாய்த்தபோது, அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சுனையும் பதரும் கம்பளி விரித்தாற்போல் அப்பிக்கிடந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்து அகற்றினார்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பக்கத்தில் பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கி, காற்றுக்கு இருக்கும் வழியும் அடைபடும். சுத்தம் செய்ததும் 250.

கிரில்லில் கொசுவலை கட்டும் வழக்கம் பற்றியும் பேச்சு வந்தது, வேண்டாம் என்று முடிவானது. நெருக்கமான வலை ஒரே நாளில் பதரால் மூடிக்கொள்ளும். குறுவை அறுவடை முடிந்ததும் ஒருமுறை, மாசியில் ஒருமுறை கன்டென்சரைச் சாய்த்துக் கழுவுவது இப்போது இந்த வண்டியின் வேலைப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்த வண்டியில் மாற்றிச் செய்பவை

தெர்மோ ஸ்விட்ச் சேர்க்கும் எந்த வண்டியிலும் நிறுத்தும் ஸ்விட்சும் இரண்டு விளக்குகளும் முதல் நாளே போடப்படும். டெல்டாவில் மழைக்காலத் தண்ணீர் எதிர்பாராத ஒன்றல்ல. பியூஸ் ஹோல்டர் ரப்பர் மூடி உள்ளதாக, பம்பர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 20 ஆம்பியர் பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் 30 போடாமல், ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆம்பியரை அளக்க வேண்டும். 12.5 என்று குறித்திருப்பது அதற்காகத்தான். புஷ் இறுகும் மோட்டாரில் அந்த எண் மெல்ல ஏறும்.

கம்ப்யூட்டர் வழியாக ஃபேன் இயங்கும் புதிய வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் ஃபேன் ரிலேயை எஞ்சின் கன்ட்ரோல் யூனிட்டே கண்காணிக்கிறது, சிலவற்றில் வேகத்தையும் படிப்படியாக மாற்றுகிறது. இடையில் தனி ரிலே வைத்தால் கோளாறு விளக்கு எரியும், வாரண்டியும் போகலாம். அங்கே செய்யக்கூடியது வோல்ட் இழப்பை அளந்து, கப்ளரையும் எர்த்தையும் சரிசெய்வது மட்டுமே.

முந்தைய வயரிங்கைப் பின்தொடர்ந்து புரிந்துகொள்ளவே அரை நாளுக்கு மேல் போயிற்று. அதனால் புது வயரிங்கின் படத்தை வயர் நிறம், பியூஸ் அளவு, ரிலே முனை எண்களோடு வரைந்து, லேமினேட் செய்து, பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறார்கள். உதிரியாக ஒரு ரிலேயும் இரண்டு 20 ஆம்பியர் பியூஸும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன.